கொலை வழக்கில் 17 வயதுப் பையன்: குற்றம் கொடூரம் என்று ஜாமீனை மறுக்கலாமா?

மூன்றாமாண்டு மாணவி
கொலை வழக்கில் சிக்கிய 17 வயதுப் பையனின் ஜாமீன் மனுவை, "குற்றம் கொடூரமானது, விட்டால் நீதியின் நோக்கம் கெடும்" என்று ஒரே வரியில் இளைஞர் நீதிக் குழுமம் தள்ளுபடி செய்தால் அது நிற்குமா? அடுத்து போக வேண்டியது செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கமான ஜாமீன் மனுவுக்கா? புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இருவர் இறந்த வழக்கில் அன்றைக்கே ஜாமீன் தந்தார்களே, அங்கேயும் இதே சட்டம்தானா?

வழக்குக்கட்டு
இதே சட்டம்தான்: 2015 இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 12. ஜாமீனில் விடக்கூடிய குற்றம், விடமுடியாத குற்றம் என்ற பாகுபாடே அதில் இல்லை. 16 வயதைத் தாண்டியவனுக்கென்று தனி விதியும் இல்லை. விடுவதுதான் விதி, மறுக்க மூன்றே காரணம். வெளியே வந்தால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான், ஒழுக்கத்துக்கோ உடலுக்கோ மனதுக்கோ ஆபத்து வரும், நீதியின் நோக்கம் தோற்கும். எது, எந்த ஆதாரத்தில் என்று உத்தரவில் எழுத வேண்டும். நீங்கள் சொல்லும் ஒற்றை வரி மூன்றாவது காரணத்தின் வாசகத்தைத் திருப்பி எழுதியது, அவ்வளவே.

2024 ஆகஸ்டில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. பையன் ஓராண்டுக்கு மேல் உள்ளே. கீழே எந்த உத்தரவிலும் இந்த மூன்றில் ஒன்று பொருந்துகிறது என்ற முடிவே இல்லை. ஜாமீன்தாரர் இல்லாமலே விடச் சொன்னார்கள்.

மேல்முறையீடு பிரிவு 101-இல், 30 நாளுக்குள், குழந்தைகள் நீதிமன்றத்தில். அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் பிரிவு 102 சீராய்வு. செஷன்ஸ் நீதிமன்றமே குழந்தைகள் நீதிமன்றமாக உட்காரும் ஊர்களில் மனுவின் தலைப்பில்தான் தப்பு நடக்கும். பெரியவர்களின் ஜாமீனுக்கான பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவைப் போட்டுவிட்டு, திருப்பி அனுப்பினார்கள் என்று புலம்புவார்கள்.

கூர்நோக்கு
மேலே சொன்னது சரி. ஆனா ஜாமீன் நிக்கிறதும் விழறதும் எஃப்.ஐ.ஆர்.ல இல்லீங்க, நன்னடத்தை அலுவலர் பையனோட குடும்பம், சூழல் பத்தி எழுதுற சமூக விசாரணை அறிக்கையில. சட்டம் ரெண்டு வாரம் கொடுக்குது. வீட்டுக்கே போகாம எழுதின அறிக்கையில "பெற்றோர் கட்டுப்பாட்டில் இல்லை"ன்னு ஒரு வரி இருந்தா போதும், மறுக்கிறதுக்கு அதுவே காரணமாயிடும்.

கொலை வழக்குல பெரிய சிக்கல், செத்தவர் வீடும் பையன் வீடும் ஒரே தெருவுல இருக்கும். பழிவாங்கல் பயம் உடலுக்கு ஆபத்துங்கிற காரணத்துக்குள்ள நேரா வந்துடும். அதை மறைக்காதீங்க. வேற ஊர்ல இருக்கிற அத்தையோ மாமாவோ பொறுப்பேற்கிறதா உறுதிமொழிப் பத்திரம், அவங்க முகவரிச் சான்று, அந்த ஊர்ல எந்தப் பள்ளி அல்லது ஐ.டி.ஐ., பகல்ல பையனை யார் பாத்துக்குவாங்க, கூட்டாளிகளா சேர்க்கப்பட்டவங்க எங்க இருக்காங்க, இத்தனையும் மனுவோடயே வைக்கணும். "தகுதியுள்ள நபர்" பொறுப்புல விடலாம்னு பிரிவு 12-லயே இருக்கு.

வழக்குக்கட்டு
புனே விஷயம். 2024 மே 19 ஜாமீன், 300 சொல் கட்டுரை நிபந்தனையோடு. ஊரே கொதித்ததும் மே 22 அன்று கூர்நோக்கு இல்லத்துக்கு (விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைக்கும் இடம்) அனுப்பினார்கள். ஜாமீனை ரத்து செய்யவில்லை. ஜாமீனும் காவலும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும்? ஜூன் 25 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, பையனை அத்தை பொறுப்பில் விட்டது. கட்டுரையைக் கிண்டல் செய்தவர்கள் இந்தப் பாதியைப் படிப்பதில்லை.

இன்னொன்று: குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டோ மேலோ இருந்தால்தான் "கொடிய குற்றம்". 2020 ஷில்பா மிட்டல் தீர்ப்பு. புனே வழக்கில் போட்ட பழைய ஐ.பி.சி. 304-க்கு (கொலை ஆகாத மரணம் விளைவித்தல்) குறைந்தபட்சமே கிடையாது. கொலை அப்படியில்லை, அதனால் உங்கள் பையனுக்குப் பிரிவு 15 முதற்கட்ட மதிப்பீடு, அதாவது பெரியவர் போல விசாரிக்கலாமா என்ற ஆய்வு, உண்டு, 3 மாதத்துக்குள். அது வேறு, ஜாமீன் வேறு. மதிப்பீடு முடியட்டும் என்று ஜாமீன் மனுவைக் கிடப்பில் போட இடமில்லை.

மூன்றாமாண்டு மாணவி
ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால்?

கூர்நோக்கு
உத்தரவு வந்த 7 நாளுக்குள்ள நிபந்தனையை நிறைவேத்த முடியலைன்னா பையனைத் திரும்பக் குழுமத்துல நிறுத்தி நிபந்தனையை மாத்தணும், பிரிவு 12(4). இல்லத்துலேர்ந்து தானா நடக்கும்னு காத்திருக்காதீங்க. எட்டாம் நாளே ஒரு மெமோ போடுங்க.