லீ பஜாரில் ஒரு சிலேட்டு

பழைய விலையையும் பழைய செடியையும் விட மனசு வராமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஏற்காடு மலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். 2015ல் மிளகைக் கிலோ 650 ரூபாய்க்கு விற்றேன். அப்புறம் விலை இறங்க இறங்க விற்க மனசே வரவில்லை. அந்த விலை திரும்ப வரும் என்று மூட்டை கட்டி வைத்தேன். 2019க்குள் விலை பாதியாகிவிட்டது. வீட்டில் மிளகு மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டே மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கினேன்.

அந்த வருடம் சேலம் லீ பஜாரில் ஒரு மண்டிக்கு மாதிரி காட்டக் கொஞ்சம் மிளகு எடுத்துப் போனேன். எடுத்ததுமே பழைய விலையைத்தான் சொன்னேன். கடைப் பெரியவர் கோபப்படவில்லை.

"தம்பி, இந்த மூட்டையெல்லாம் உங்ககிட்ட இல்லைன்னு வெச்சுக்குங்க. அதுக்கான பணம் கையில இருக்கு. இன்னைக்கு விலைக்கு இதே மிளகை வாங்கி வீட்டுல அடுக்குவீங்களா?"

"மாட்டேனுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

சுவரில் விலை எழுதிய சிலேட்டைக் காட்டினார். "ராத்திரி கடை சாத்தறப்பவே துடைச்சிருவேன். காலையில நேத்து விலையைப் பார்த்தா வாயில அதுதான் வரும்." பழைய கணக்கு முழுக்க அவருடைய பேரேட்டில் இருந்தது. எதையும் அவர் மறக்கவில்லை, சிலேட்டில் விட்டுவைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே விற்றுக் கடனை அடைத்தேன்.

மிளகை விடவும் கடினமாக இருந்தது காப்பிச் செடிதான். அப்பா நட்ட அரபிகா வகைச் செடிகளில் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு விழுந்திருந்தது. நாங்கள் போரர் என்போம். இலை மஞ்சளாகும், தண்டைத் தடவினால் மேடு மேடாகப் புடைப்பு தட்டுப்படும். சித்திரையில் வண்டு வெளியே வருவதற்குள் பிடுங்கி எரித்தால்தான் மற்ற செடிகள் பிழைக்கும். தெரிந்திருந்தும், அப்பா கை வைத்த செடி என்று ஒவ்வொரு வருடமும் விட்டேன். பக்கத்து வரிசைக்கும் பரவியது.

அடுத்த பங்குனியில் தினமும் காலையில் தோட்டத்தில் இறங்கும்போது ஒவ்வொரு செடியிடமும் நின்று அந்தப் பெரியவர் கேட்டதையே கேட்டுக்கொண்டேன். இன்றைக்குக் காசு கொடுத்து இதை வாங்கி நடுவேனா? 43 செடிகளைப் பிடுங்கினோம். தீ மூட்டும்போது எனக்குக் கை நடுங்கியது. அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கப்பா இருந்திருந்தா போன வருசமே பிடுங்கியிருப்பாருடா" என்றார்.