மறு: டாம்ஸ் என்னும் வலிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கான சிறு கையேடு ஒன்றை நான் மொழிபெயர்த்து வருவதும், 'டிலேய்டு ஆன்செட் மசில் சோர்னெஸ்' என்ற தொடரில் வண்டி நின்றுபோனதும் உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதைச் சுருக்கி டாம்ஸ் என்கிறார்கள். பழக்கமில்லாத பயிற்சி செய்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்து மெல்ல எழுந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும் வலி. உதவி கேட்டேன், குவித்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் படித்தபிறகு எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். சற்று நீளமான மடல், பொறுத்தருளுங்கள்.

> 'தாமதமாகத் தோன்றும் தசை வலி' என்றே வைக்கலாம். பொருள் சிந்தாமல் வந்துவிடுகிறது.

சிந்தவில்லைதான். ஆனால் கூப்பிட முடியவில்லை. மைதானத்தில் நிற்கும் ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் பார்த்து, "உனக்குத் தாமதமாகத் தோன்றும் தசை வலி வந்திருக்கிறதா?" என்று கேட்பதை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை. மூன்றாவது வார்த்தையில் பையன் ஓடிவிடுவான்.

> லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருவதுதானே? 'அமில வலி' என்றால் காரணமும் பெயருக்குள் அடங்கும்.

இதை மட்டும் நான் விடாப்பிடியாக எதிர்க்கிறேன். பயிற்சியின்போது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலுக்குள் இருக்கும் வடிவம்), பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. வலியோ மறுநாள்தான் தொடங்குகிறது. விருந்தாளி முதல் நாள் மாலையே ஊருக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் காணாமல்போன சொம்புக்கு அவரைப் பிடித்து விசாரிக்கிறோம். 1902ஆம் ஆண்டிலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர், உடனே தோன்றும் களைப்பு வலி வேறு, மறுநாள் வரும் வலி வேறு என்று பிரித்துக் காட்டி, பின்னதற்குத் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அந்த நுண்சேதமும் அதைச் செப்பனிட உடல் தொடங்கும் அழற்சியும்தான் இன்றைக்கும் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நூற்றாண்டுக்கு முன்பே ஐயத்துக்குள்ளான ஒரு கருத்தை நாம் புதிதாகச் செய்யும் சொல்லுக்குள் வைத்துத் தைத்துவிட்டால், பின்னால் பிரிக்க முடியாது. தப்பான காரணத்தைப் பெயரில் ஏற்றுவதைவிடக் காரணமே இல்லாத பெயர் மேல்.

எப்போது வருகிறது என்பதைக் கோவைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். வெள்ளியங்கிரிக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். மூங்கில் தடியை ஊன்றி ஏழு மலை ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படியில் பக்கவாட்டில் இறங்க வைப்பது, முந்தின நாள் மலை இறங்கியதுதான். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை இழுபட்டு நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அப்படி நீண்டபடியே வேலை செய்யும் தசைதான் அதிகம் சேதப்படுகிறது.

இனி என் பரிந்துரை. சொல் ஏற்கெனவே இருக்கிறது: உளைச்சல்.

எங்கள் ஊரில் நடவுக்குப் போன பெண்கள் மறுநாள் சொல்வது "இடுப்பு வலி" என்றல்ல, "இடுப்பெல்லாம் உளைச்சல்" என்றுதான். நொச்சித் தழையும் புளிய இலையும் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரைப் பொறுக்கும் சூட்டில் ஊற்றிக்கொள்வார்கள். யாரும் பயந்ததில்லை. வைத்தியரிடம் போனதுமில்லை. நடவு தொடர்ந்து நடக்கும்போது நான்காம் நாளில் "பழகிவிட்டது" என்பார்கள். (ஒருமுறை உளைந்த தசை அதே வேலையை மறுபடி செய்யும்போது குறைவாகவே உளையும் என்பதை ஆய்வாளர்களும் தனிப் பெயர் வைத்துப் பேசுகிறார்கள். அதற்குப் 'பழகுகாப்பு' என்று ஒரு சொல் எனக்குத் தோன்றியது. அதை இன்னொரு இழையில் பார்க்கலாம்.)

நம் மக்கள் வலியை எவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நெடுநேரம் நின்றால் கால் கடுக்கிறது. எலும்புக்குள் திருகுவதுபோல் இருந்தால் குடைச்சல். கெண்டைக்கால் சட்டென்று முடிச்சிட்டுக்கொண்டால் குரக்குவலி. மூட்டு பிசகினால் சுளுக்கு. உழைத்த தசை ஆழத்தில் கனத்து, தொட்டால் நோவது உளைச்சல். இத்தனையையும் 'வலி' என்ற ஒற்றைப் பானைக்குள் கொட்டியது நம்முடைய மொழிபெயர்ப்புப் பழக்கம்.

> உளைச்சல் என்றாலே இப்போது மன உளைச்சல்தான். இளைஞர்களுக்குக் குழப்பம் வராதா?

மனத்துக்குப் போனதே உடம்பிலிருந்து இரவல் வாங்கித்தான். "தொடை உளைச்சல்" என்று உறுப்பைச் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. மறுநாள் வருவதைக் குறிக்க முன்னொட்டுச் சேர்த்து 'பின்னுளைச்சல்' என்று முன்மொழிகிறேன்.

அடுத்து மசாஜ். கையேட்டில் ஓர் அத்தியாயமே பயிற்சிக்குப் பின் தசையை நீவிவிடுவதைப் பற்றியது.

> 'தொக்கணம்' என்று சித்த மருத்துவத்தில் அழகான சொல் இருக்க, புதிதாக எதற்கு?

தொக்கணத்தின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 32 புறமருந்துகளில் ஒன்று அது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். அதனாலேயே தயங்குகிறேன். அது பயின்றவர் செய்யும் மருத்துவம். கையேட்டைப் படித்துவிட்டு ஓர் ஆசிரியர், உளைந்துகிடக்கும் காலை முறுக்கி இழுக்கத் தொடங்கினால் பழி நம்மீது விழும். உள்ளங்கையால் அழுத்தி ஓட்டுவது நீவல். மாவைப் பிசைவதுபோல் பிடித்துவிடுவது பிசைதல். இவ்விரண்டும் போதும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு எஃப்ளூராஜ், பெட்ரிசாஜ் என்று பிரெஞ்சுச் சொற்களையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரிசாஜுக்கு வேரான பிரெஞ்சு வினைக்கு மாவு பிசைதல் என்றுதான் பொருள். சமையலறையிலிருந்து சொல் எடுப்பது நமக்கு மட்டும் உரிய இழுக்கு இல்லை.

> ரெக்கவரி மசாஜ் = 'தேற்றுநீவல்'. தேறு தன்வினை, தேற்று பிறவினை. தசையைத் தேற்றும் நீவல்.

சொல்லாக்கத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எழுந்து நின்றுவிட்டேன். முதலில் அதில் கொள்ள வேண்டியதைக் கொள்கிறேன்: ரெக்கவரிக்கு 'மீட்பு' என்பதைக் கைவிட்டு, 'தேறுதல்' என்று வைப்போம். மீட்பு என்றால் கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியும் தீயணைப்பு வண்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. உடம்பு தேறுவதுதான் தமிழ். 'தேற்றம்' வேண்டாம், அதைப் பிதாகரஸ் எடுத்துக்கொண்டார். 'தேறல்' கூடாது, அது சங்ககாலத்துக் கள்.

ஆனால் 'தேற்றுநீவல்' என்ற பெயர் நீவலால் முடியாத ஒன்றை வாக்களிக்கிறது. 2020இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளை, மொத்தம் 1,012 பேர் பங்கேற்றவற்றை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தசை வலிமை, குதிக்கும் உயரம், ஓட்ட வேகம், தாக்குப்பிடிக்கும் திறன் எதையும் நீவல் கூட்டியதாகத் தெரியவில்லை. உளைச்சல் சிறிதளவு குறைந்தது. உடலின் வளைவுத்தன்மை சிறிதளவு கூடியது. அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று நான் எழுதுவது இளப்பமாக இல்லை. மறுநாள் படி இறங்க வேண்டியவனுக்கு அந்தச் சிறிதளவு பெரிது.

உள்ளே ஒன்றுமே நடப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்து ஓயும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் நீவிவிட்டு, இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். நீவிய காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் தணிந்திருந்தன, லாக்டேட்டில் மாற்றமில்லை. அதே நாட்டின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்விலோ, அழுத்தி நீவும்போது இரத்த ஓட்டம் தடைபட்டு லாக்டேட் வெளியேறுவது தாமதமாவதையே கண்டார்கள். ஆகவே 'கழிவுநீக்க நீவல்', 'நச்சகற்று நீவல்' என்ற பரிந்துரைகளையும் அன்போடு ஓரமாக வைக்கிறேன். அவற்றை அழகு நிலைய விளம்பரங்களுக்கு விட்டுவிடலாம்.

தேற்றுவது உறக்கமும் உணவும் நாளும். நீவல் தணிக்கிறது. ஆகவே 'தணிப்பு நீவல்'.

தசைமேல் உருட்டி நீவிக்கொள்ளும் ஃபோம் ரோலரை 'நுரை உருளை' என்றால் குளியலறைப் பொருள் போலிருக்கிறது. எதனால் செய்தது என்பதைவிட எதற்கு என்பது முக்கியம் என்பதால் 'நீவுருளை'. நீவு + உருளை என்பதில் உகரம் கெடலாமா, அது குற்றியலுகரம் இல்லையே என்று ஒருவர் கேட்பார். யார் என்று எனக்குத் தெரியும். முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே கெடும் என்று நன்னூலே "முற்றும் அற்று ஒரோவழி" எனக் கதவைத் திறந்துவைத்திருக்கிறது, ஐயா.

பெயர்களைப் பிரித்து வைப்பதற்கு இன்னொரு காரணம் பாதுகாப்பு. உளைச்சல் தானே போகும், நீவலாம். ஓர் இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து வீங்கினால் அது காயம், கை வைக்கக்கூடாது. கடும் வலியோடு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அது தசைச்சிதைவாக இருக்கலாம். சிறுநீரகத்தையே பாதிக்கும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் 'தசை வலி' என்றே எழுதினால், எதற்கு எண்ணெய், எதற்கு ஆம்புலன்ஸ் என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கருத்தறிய ஆவல்.
அன்புடன்,
கையேட்டுக்காரன்

* * *

வணக்கம்.

உளைச்சலுக்கு என் இரண்டு கையும் உயர்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'உளைவு' என்போம். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துவிட்டு வந்தால் "கை உளைவு" என்று அம்மா சொல்வார். வேர் ஒன்றுதான், ஆகவே ஈழத்து வாசகர்களுக்கும் தடையில்லை. கையேட்டில் ஓரிடத்திலாவது உளைவையும் குறிப்பிடுங்கள்.

ஆனால் 'பின்னுளைச்சல்' எனக்கு ஒட்டவில்லை. மடலை என் மகளிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "சடை பின்னினால் வரும் கைவலியா?" என்று கேட்டாள். பின் என்பதைப் பின்பக்கம் என்று எடுத்துக்கொண்டு, முதுகுக்குக் கீழே வரும் வலி என்று என் கணவர் நினைத்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டும் பிழை. நீங்களே உங்கள் மடலில் எத்தனை இடத்தில் 'மறுநாள்' என்று எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள்.

தணிப்பு நீவல் நன்று. நீவுருளை மிக நன்று.

* * *

அம்மையீர்,

எண்ணினேன். தோற்றேன்.

தலைப்பிலேயே 'மறுநாள் வலி' என்று போட எண்ணியிருந்து, கலைச்சொல்லுக்கு ஒரு மிடுக்கு வேண்டும் என்ற ஆசையில் புணர்ச்சி விதியைக் கட்டி இழுத்திருக்கிறேன். சடை பின்னிய கை என்னைச் சும்மா விடாது. 'மறுநாள் உளைச்சல்' என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டு சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும். வலி இரண்டாம் நாளில்தானே உச்சம், மறுநாள் என்பது துல்லியமா என்று யாரேனும் கேட்டால், தொடங்கும் நாளை வைத்துத்தான் ஆங்கிலப் பெயரும் அமைந்திருக்கிறது என்று பதில் சொல்லலாம்.

'உளைவு' இரண்டாம் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் வரும். நீவுருளையை நேற்று எங்கள் தெரு விளையாட்டுப் பொருள் கடையில் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் சப்பாத்திக் கட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் அவகாசம் தாருங்கள்.