விசுவாசம் போயிடுச்சு, டெனர் போகல

கேள்வி: நாசரேத்காரன்

சொந்த ஊர் நாசரேத் பக்கம். சி.எஸ்.ஐ. குடும்பம், தாத்தா உபதேசியார். திடப்படுத்தல் (சபையில முழு உறுப்பினராகுற சடங்கு) எடுத்து, ஞாயிறு பள்ளியில பாடமும் நடத்தினவன் நான். ஒரு வாரம் 1 சாமுவேல் 15, அமலேக்கியரைப் பிள்ளைங்களோட சேர்த்து அழிக்கச் சொல்லி சவுல் ராஜாவுக்குக் கடவுள் கட்டளை கொடுக்கிற அதிகாரம். "அமலேக்கியர் தப்பு பண்ணாங்க, சரி. பால்குடிக்கிற பிள்ளை என்னண்ணே பண்ணுச்சு?"ன்னு ஒரு வாண்டு கேட்டான். கையில இருந்த பாடக் குறிப்புல சவுல் கீழ்ப்படியாமப் போனது மட்டும்தான் இருந்துச்சு. அதையே திரும்பச் சொல்லி மணி அடிக்கிறவரை ஓட்டினேன். அங்க ஆரம்பிச்சது, வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கழண்டு, இப்போ சுத்தமா நம்பிக்கை இல்ல. அதுல வருத்தமும் இல்ல.

ஆனா நான் கோயில் பாடகர் குழுவுல டெனர், அதாவது ஆம்பளைங்க பாடுற மேல் குரல், பாடுறவன். கேரல் ரவுண்ட்ஸ் போய் விடிய விடிய தொண்டை கட்டினது, அசனத்துக்கு (கோயில் பொது விருந்து) மூட்டை மூட்டையா வெங்காயம் உரிச்சது, இதுக்கெல்லாம் ஈடா சென்னையில ஒண்ணுமே அகப்படல. அம்மா என்னைப் 'பின்மாற்றக்காரன்'னு, அதாவது விசுவாசத்தை விட்டு விலகினவன்னு, உபவாச ஜெபத்துல பேர் கொடுத்திருக்காங்க. இப்போ ஊர்ல டெனருக்கு ஆள் இல்லைன்னு கூப்பிடுறாங்க. நம்பாத வரியைப் பாடலாமா? விசுவாசத்தை விட்ட நீங்கள்லாம் அது இருந்த இடத்துல என்ன வச்சீங்க?

பதில் 1: கடலோரத்தாள்

நான் கன்னியாகுமரி ஆர்.சி. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ எங்க ஊர்லயும் கடலுக்குப் போனவங்க திரும்பல. 'தேவ சித்தம்'னு பிரசங்கத்துல கேட்டதோட எனக்கு முடிஞ்சுது. உடல் கிடைக்கலைன்னா ஏழு வருஷம் கழிச்சுத்தான் இறந்ததா எடுத்துக்கணும்ங்கிறது சட்டத்துல உள்ள பொது விதி. அதுவரைக்கும் அந்தப் பொம்பளைங்க எதை வச்சுச் சாப்பிடுவாங்க? மனு எழுத உட்கார்ந்தேன். படகு நம்பர், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு நகல். இன்னைக்கும் யாராவது தாளோட வாசல்ல நிப்பாங்க. எழுதுற இடம் பங்கு மண்டபம்தான், சாமியாரே ஃபேன் போட்டு விடுவாரு. நான் பூசைக்கு வரமாட்டேன்னு அவருக்கும் தெரியும்.

பதில் 2: வக்கீல் குமாஸ்தா

பாட்டு இருக்கட்டும், கல்யாணம் ஆச்சா? சுயமரியாதைத் திருமணம் பண்ணிக்கலாம்னு தோழர்கள் சொல்வாங்க. 1967 திருத்தத்துல வந்த 7ஏ பிரிவு இந்துத் திருமணச் சட்டத்துக்குள்ள இருக்கு, ரெண்டு பேரும் இந்துவா இருக்கணும். நமக்கு 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான்: 30 நாள் நோட்டீஸ், மூணு சாட்சி. கல்லறைத் தோட்டம் வேண்டாம், உடல் தானம்னு நினைச்சா வீட்டுல இப்பவே பேசி வைங்க. அவங்க ஒத்துக்கலைன்னா நீங்க எழுதி வச்ச தாள் பீரோவுலயே கிடக்கும்.

பதில் 3: பாடகர் குழு அண்ணன்

நான் விசுவாசி, உங்களுக்காக ஜெபிக்கவும் செய்வேன், கோவிச்சுக்காதீங்க. ஆனா எங்க குழுவுல பாஸ் (கீழ்க் குரல்) பாடுறவங்கள்ல பாதிப் பேர் பிரசங்கம் ஆரம்பிச்சதும் டீக்கடையிலதான் இருப்பாங்க. அவங்களை யாரும் கேள்வி கேட்டதில்ல. நீங்க பிராக்டிஸுக்கு ஒழுங்கா வந்தாப் போதும். ஞாயிறு பள்ளி மட்டும் எடுக்காதீங்க.

நாசரேத்காரன்:

எடுக்கமாட்டேண்ணே. இராப்போஜனத்துக்கும் (அப்பமும் ரசமும் வாங்குறது) எழும்ப மாட்டேன். அதை அம்மாகிட்ட போன்லயே சொல்லிட்டுத்தான் பஸ் ஏறணும், இல்லைன்னா கோயில்ல வச்சு அழுவாங்க. கடலோரத்தாள் அக்கா, மனு எழுதுற வேலைக்குச் சென்னையில யாரைப் போய்ப் பார்க்கணும்? தமிழ் டைப்பிங் வேகமா வரும்.