கிராண்ட்டில் அப்பா பெயர், வீட்டில் வாடகை தராத ஆள்

பெர்ஜுந்தாய் பொண்ணு:
வணக்கம். ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. எங்களுக்கு அது இன்னும் பழைய பெயரான பாத்தாங் பெர்ஜுந்தாய்தான். அப்பா 31 வருஷம் பால்மரம் வெட்டியவர். 1994-இல் சேமநிதிக் காசையும் அம்மாவின் நகையை அடகு வைத்த காசையும் சேர்த்து 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ரூமா மூரா (மலிவு விலை வீடு) வாங்கினார். கிராண்ட் (சொத்து உரிமைப் பத்திரம்) அவர் பெயரில்தான். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு எல்லாரும் வந்துவிட்டோம், பூனை மட்டும் மறுநாளே தோட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டது.

அப்பா 2016-இல் தவறிவிட்டார். உயில் இல்லை. பிள்ளைகள் நானும் அண்ணனும்தான். அம்மா என்னோடு ரவாங்கில் இருக்கிறார். வீடு சும்மா கிடந்து கரையான் பிடிக்கிறதே என்று 2022-இல் மாதம் 450 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டேன். ஒரு வருஷ ஒப்பந்தம், வீட்டுக்காரர் என்று கையெழுத்துப் போட்டது நான். அது முடிந்த பிறகு புதுசாக எதுவும் எழுதவில்லை, மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஐந்து மாதமாக வாடகை இல்லை, போனும் எடுப்பதில்லை. போன ஞாயிறு நேரில் போனேன். வாசலில் புது மோட்டார் சைக்கிள். ஆள் வெளியே வந்து, "அக்கா, கிராண்ட்ல உங்க பேரா இருக்கு? செத்தவர் பேர்தானே இருக்கு? உங்களுக்கு நான் ஏன் வாடகை தரணும்?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

கிள்ளானில் இருக்கும் அண்ணன், "பூட்டை மாத்து, கரண்டை வெட்டு, தானா ஓடுவான்" என்கிறார். செய்யலாமா? கிராண்ட்டில் பெயர் மாற்ற எங்கே போவது? இன்னொரு பயமும் உண்டு. அம்மா அப்பா கல்யாணம் 1979-இல் தோட்டத்துக் கோயிலில் நடந்தது, சர்ட்டிபிகேட் கிடையாது.

மேரு ரோடு:
பூட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன். கடைவீடு, நாலு மாத பாக்கி, கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டை மாற்றினேன். மறுநாள் அவன் போலீஸ் ரிப்போர்ட் போட்டான், அடுத்த வாரம் லாயர் கடிதம் வந்தது. உள்ளே இருந்த பெரிய பிரீசரில் மீன் கெட்டுப்போனதாம். எனக்கு 2,800 வெள்ளி வரவேண்டியது, கடைசியில் நான்தான் அவனுக்கு 3,000 கொடுத்து முடித்தேன். அந்த மீனை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பழைய கிராணி:
தங்கச்சி, நான் லாயர் ஆபீசில் 27 வருஷம் குப்பை கொட்டியவன். லாயர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் உங்கள் அண்ணன் சொன்னது. 1950-ஆம் வருஷத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 7(2): வாடகை முடிந்த பிறகும் ஆள் உட்கார்ந்திருந்தால் கோர்ட் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். பூட்டை மாற்றுவதும் கரண்டை வெட்டுவதும் கோர்ட் வழி ஆகாது, செய்யாதீர்கள்.

அந்த ஆள் பேசிய வாய்ச்சவடாலுக்கும் பதில் இருக்கிறது. அதே 1950-இல் வந்த சாட்சியச் சட்டத்தில் 116-ஆம் பிரிவைப் பாருங்கள். உங்கள் கையெழுத்தில் வீட்டுக்குள் வந்தவர், குடியிருக்கும்வரை "உனக்கு உரிமை இல்லை" என்று வாதாட முடியாது. மூன்று வருஷம் உங்களுக்கு வாடகை கொடுத்தபோது கிராண்ட் ஞாபகம் வரவில்லையாமா? லாயர் மூலம் நோட்டீஸ் அனுப்பி வாடகையை முடியுங்கள். தேதி தாண்டியும் நகராமல் இருந்தால், 1956-ஆம் வருஷத்து சிவில் சட்டப்படி அதற்குப் பிறகு உள்ள நாட்களுக்கு இரட்டை வாடகை கேட்கலாம். பாக்கி 2,250 வெள்ளியை மட்டும் வாங்க வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறுவழக்குப் பிரிவு போதும். 5,000 வெள்ளி வரை லாயர் இல்லாமல் நீங்களே போடலாம். ஆனால் ஆளைக் கிளப்ப அது உதவாது.

கல்யாணத்துக்குப் பயப்படாதீர்கள். பதிவுச் சட்டம் அமலுக்கு வந்தது 1982 மார்ச் 1-ஆம் தேதி. அதற்கு முன் முறைப்படி நடந்த கல்யாணம் செல்லும். தோட்டத்து ஜனங்களில் பாதிப்பேர் இப்படித்தான். உங்கள் பிறப்புப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், எடுத்துவையுங்கள்.

பெயர் மாற்ற ஹைகோர்ட் வேண்டாம். உயில் இல்லாத சின்னச் சொத்து, அதில் நிலமும் இருப்பதால் பூசாகா கெச்சில் (சிறு சொத்துப் பங்கீடு) மனு போடலாம். முன்பு 20 லட்சம் வெள்ளி வரைதான், 2024 ஜூலையிலிருந்து 50 லட்சம். கோலா சிலாங்கூர் நில அலுவலகத்தில் கேளுங்கள். பாரம் ஏ (மனுப் படிவம்), மரணப் பத்திரம், கிராண்ட் நகல், வாரிசுகளின் ஐசி (அடையாள அட்டை) வேண்டும். விசாரணைக்கு எல்லா வாரிசையும் கூப்பிடுவார்கள். கிராண்ட்டில் 'செகாத்தான் கெப்பெந்திங்ஙான்' (சொத்தைக் கைமாற்றுவதற்கான கட்டுப்பாடு) என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரூமா மூராவில் அது அடிக்கடி இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். அப்பா தவறிய அன்று தாத்தா பாட்டி உயிரோடு இருந்தார்களா?

பெர்ஜுந்தாய் பொண்ணு:
தாத்தா முன்பே போய்விட்டார். பாட்டி 2018-இல்தான். அவருக்கு அப்பா, சுங்கை சிப்புட் அத்தை, பட்டர்வொர்த் சித்தப்பா என்று மூன்று பிள்ளைகள். ஏன் அண்ணே?

பழைய கிராணி:
அப்படி என்றால் கணக்கு மாறுகிறது. 1958-ஆம் வருஷத்துப் பங்கீட்டுச் சட்டம் அப்பா இறந்த நாளில் யார் உயிரோடு இருந்தார் என்றுதான் பார்க்கும். அம்மாவுக்குக் கால், உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாதி, பாட்டிக்குக் கால். பாட்டி போனதால் அந்தக் கால் பங்கு அத்தை, சித்தப்பா, உங்கள் அப்பாவின் இடத்தில் நீங்கள் இருவர் என்று மூன்றாகப் பிரியும். அத்தைக்குப் பன்னிரண்டில் ஒன்று. பாட்டிக்கும் தனி மனு கேட்பார்கள், அவருடைய மரணப் பத்திரத்தையும் தேடிவையுங்கள். இதை யாரும் முதலில் சொல்வதில்லை, விசாரணை அன்று அதிகாரி கேட்கும்போதுதான் குடும்பமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்.

அவர்கள் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் 2024 முதல் அதற்கு முத்திரைத் தீர்வை 10 வெள்ளிதான். ஆனால் நீங்களாகப் போய் "கையெழுத்துப் போடுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். பங்கு இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

பெர்ஜுந்தாய் பொண்ணு:
சொன்னேன். அண்ணன்தான் குதித்தார், "பத்து வருஷமா கதவைக்கூடத் தட்டாதவங்களுக்குப் பங்கா?" என்று. சித்தப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றார். அத்தை சிரித்தார். "எனக்கு எதுக்குடி வீடு? விசாரணைக்கு யாராவது வந்து காரில் கூட்டிட்டுப் போங்க, போதும். அம்மாவோட அம்மிக்கல்லை மட்டும் எனக்குக் கொடுத்துடு" என்றார்.

அம்மிக்கல் அந்த வீட்டுப் பின்பக்கம்தான் கிடக்கிறது. போன ஞாயிறு பார்த்தேன், அந்த ஆள் அதன் மேல் கேஸ் தோம்பு (சிலிண்டர்) வைத்திருக்கிறார். நோட்டீஸில் அதையும் சேர்க்கலாமா அண்ணே?

பழைய கிராணி:
சேருங்கள். படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள்.