‘எந்தொகாமியா எதித்தோரியால்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள சொற்பட்டியல் குழுவினருக்கு வணக்கம்.

ஸ்பானிய மொழி, இலக்கிய ஆய்விதழ்களின் பதிப்புக் கொள்கைகளைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது, மேற்கோள் முறை, பதிப்புரிமை, கட்டுரை அனுப்பும் நெறி ஆகியவற்றுக்குச் சொல் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரே தொடர்தான் என்னை நிறுத்தி வைத்தது. ‘எந்தொகாமியா எதித்தோரியால்’ என்று அவர்கள் வழங்குவது, ஓர் இதழை வெளியிடும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே அதில் மிகுதியாக எழுதுவதையும் அதன் ஆசிரியர் குழுவில் நிறைந்திருப்பதையும் குறிக்கும். சென்ற வாரம் இங்கே ‘பதிப்பு அகமணம்’, ‘உள்வட்டப் பதிப்பு’, ‘தன்னவர் சார்பு’ என மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் வாக்கியங்களில் இட்டுப் பார்த்த பின்பே இம்மடலை எழுதுகிறேன்.

நேர்ப்பொருளை நோக்கினால் ‘அகமணம்’ பிழையற்றது. மானிடவியலில் எந்தொகாமியா என்பது ஒரு குழுவினர் தமக்குள்ளேயே மணம் கொள்ளும் வழக்கத்தின் பெயர். தமிழில் அதற்கு அகமணம் என்பது நிலைபெற்ற சொல். ஆனால், பல்கலைக்கழகங்கள் தம்மிடம் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கே பணியிடம் கொடுப்பதைச் சாடும்போது ஸ்பெயினின் நாளிதழ்கள் இச்சொல்லை ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தி வந்திருப்பதால், அதைக் கேட்கும் ஸ்பானியருக்குத் திருமணம் நினைவுக்கு வருவதில்லை. உருவகம் தேய்ந்து வழக்காகிவிட்டது. நம் சொல் அப்படித் தேயவில்லை. அகமணம் என்றவுடன் தமிழில் சாதிதான் முன்னால் வந்து நிற்கிறது. அங்கே அச்சொல்லுக்கு உள்ள கனம் அங்கேயே இருக்கட்டும். ஓர் ஆய்விதழின் விதிப் பக்கத்தில் அதை இலேசாகச் செலவழிக்க எனக்கு மனமில்லை.

‘தன்னவர் சார்பு’ என்பதில் வேறு சிக்கல் இருக்கிறது. அது நோக்கத்தைக் குற்றஞ்சாட்டும் சொல். எந்தொகாமியாவோ முதலில் ஓர் அளவையே குறிக்கிறது. 1914-இல் மாட்ரிட்டில் ஸ்பானிய மொழியறிஞர் ரமோன் மெனெந்தெஸ் பிதால் தொடங்கிய ‘ரெவிஸ்தா தே ஃபிலொலொஹியா எஸ்பன்யோலா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தலைமையில் இயங்கிய வரலாற்றாய்வு மையத்தின் இதழ் அது. அம்மையத்தில் பணியாற்றிய தொமாஸ் நவாரோ தொமாஸ், அமெரிகோ காஸ்த்ரோ போன்றோர் அதில் எழுதினார்கள். அம்மையத்தில் பயின்ற அமாதோ அலோன்ஸோ புவெனஸ் அயர்ஸ் சென்று, அங்கிருந்த மொழியியல் நிறுவனத்தின் சார்பில் 1939-இல் ஓர் இதழைத் தொடங்கினார். அவர் 1946-இல் ஹார்வர்டுக்குப் போன பிறகு, 1947-இல் மெக்சிகோவின் எல் கொலேஹியோ தே மெஹிகோ என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் அவ்விதழே ‘நுவேவா ரெவிஸ்தா தே ஃபிலொலொஹியா இஸ்பானிகா’ என்று புதுப் பெயரில் தொடர்ந்தது. ஒரு குடும்பம் மூன்று ஊர்களில் குடியேறிய கதைபோல இருக்கிறது இது. ஒரு நிறுவனத்தின் ஆய்வை வெளியுலகுக்குக் கொண்டுவருவதே இதழின் வேலை என்றிருந்த காலத்தில், சொந்த ஆட்கள் எழுதுவது இயல்பே அன்றிக் குறையன்று. அதையும் ‘சார்பு’ என்று பெயரிட்டால் வரலாற்றைத் திரிப்பதாகும்.

அது குறையாகக் கொள்ளப்பட்டது அளவுகோல்கள் வந்த பிறகுதான். மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்டு 1997 முதல் இயங்கும் லத்தின்டெக்ஸ் என்னும் இதழ்த் தகவல் வலையமைப்பு, தன் பட்டியலுக்கு வகுத்த வரையறைகளில் ஒன்றாக, வெளிவரும் ஆக்கங்களில் 50 விழுக்காடேனும் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டது. ஆக, நமக்கு வேண்டியது எண்ணிப் பார்த்துச் சொல்லத்தக்க ஒரு சொல். ‘உள்வட்டம்’ எண்ணுவதற்கு உதவாது, ஏனெனில் வட்டத்தின் எல்லை எங்கே என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. நிறுவனத்தின் எல்லையோ சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது.

எனவே என் பரிந்துரை ‘அகத்தார் மிகை’. வெளியிடும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அகத்தார், சேராதவர் புறத்தார். ‘மிகை’ என்பது குறள் 504-இல் ‘மிகைநாடி’ என்று வருமிடத்தில் இரண்டில் எது கூடுதல் என்னும் அளவைச் சுட்டுகிறது. மிகையாகப் பேசுகிறார் என்னும்போது வரம்பு மீறியது என்னும் குறையையும் சுட்டுகிறது. எந்தொகாமியாவும் இதே இரு நிலைகளில்தான் வழங்குகிறது.

‘எதித்தோரியால்’ என்னும் அடையைத் தனியே பெயர்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஸ்பானியத்தில் ‘எதித்தோர்’ என்பவர் நூலை வெளியிடுபவராகவும் இருக்கலாம், பாடத்தைச் செப்பம் செய்பவராகவும் இருக்கலாம். தமிழின் ‘பதிப்பு’ம் அப்படியே இரு பக்கமும் நிற்பதால், தேவைப்படும் இடத்தில் ‘பதிப்பில் அகத்தார் மிகை’ என்று எழுதினால் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையாளரும் மதிப்பிடுபவரும் ஒருவர் பெயரை மற்றவர் அறியாத முறையைச் சொல்லும் ‘பாரெஸ் சியெகோஸ்’ என்பதை யாரும் ‘குருட்டு ஒத்தார்’ என்று எழுதிவிட வேண்டாம். ‘இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பீடு’ நீளமானாலும் தெளிவானது. மெக்சிகோ இதழ்களில், கட்டுரை வெளியிடத்தக்கதா என்று அறிஞர் எழுதித் தரும் ‘திக்தாமெ’னுக்குத் ‘தகவுரை’ என்று வைக்கலாம். ‘மதிப்புரை’ என்றால், அதே இதழின் பின்பகுதியில் வரும் நூல் விமர்சனமான ‘ரெசேன்யா’வோடு குழம்பும்.

அன்புடன், தொகுப்புப் பணியிலிருந்து.

ஐயா, வணக்கம்.

‘மிகை’யை முழு மனத்துடன் ஏற்கிறேன். ‘அகத்தார்’ குறித்து மட்டும் ஓர் ஐயம். எங்கள் தெருவில் ‘ஆத்துக்காரர்’ என்றால் கணவர். அகத்தார் என்று கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருமணத்தை வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் கொல்லை வழியாக அழைத்து வந்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. ‘நிறுவனத்தார் மிகை’ என்றால் என்ன குறை?

அம்மா, வணக்கம்.

சிரிப்பு நியாயமானதே. ஆயினும் ‘நிறுவனத்தார்’ என்றால் அதற்கு எதிர்ச்சொல் அமைவதில்லை. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து எழுதுபவரும் ஒரு நிறுவனத்தார்தாமே? இலத்தீன் அமெரிக்க இதழ்களின் விதிகளில் ‘வெளி’ என்னும் அடை ஆசிரியருக்கும் மதிப்பீட்டாளருக்கும் குழு உறுப்பினருக்கும் மாறி மாறி வருவதால், இணையாக நிற்கும் இரு சொற்கள் இல்லாமல் மொழிபெயர்ப்பு நகராது. சொற்பட்டியலில் சேர்க்குமுன் கீழ்க்காணும் மாதிரி விதியைப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

“அகத்தார் மிகையைத் தவிர்க்கும்பொருட்டு, ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் ஆய்வுரைகளில் பாதிக்குக் குறையாதவை புறத்தாருடையனவாக இருத்தல் வேண்டும், அகத்தார் எழுதிய கட்டுரைக்குப் புறத்தார் இருவர் தகவுரை வழங்குவர், அவ்விருவரும் முரண்படின் மூன்றாமவரும் புறத்தாராகவே இருப்பார்.”