ஆலமரம் ஃபேமிலி 🌳

ஹரிணி: கார்த்திக்ணா ஃப்ரீயா? ஒரு கணக்கு உயிர வாங்குது. ஒரு எண்ணுக்கு முன்னாடி இருக்கற எல்லா எண்ணையும் பெருக்கினா அது அந்த எண்ணாலயே மீதியில்லாம வகுபடணுமாம், 1ல இருந்து 100 வரைக்கும் அப்டி எத்தன எண் இருக்குன்னு கேக்கறான்

கார்த்திக்: 75. பகா எண் 25 இருக்கு, அத கழிச்சுடு. 7னா 6! போடணும், 1ல இருந்து 6 வரைக்கும் பெருக்கினா அதுல 7 எங்கருந்து வரும்? ஆனா 6க்கு 5! = 120, உள்ளயே 2ம் 3ம் இருக்கு, வகுபட்டுடும்

ஹரிணி: நானும் 75தான் போட்டேன் 😭 பின்னாடி விடை 74னு இருக்கு

கார்த்திக்: பிரிண்டிங் மிஸ்டேக், விடு

விஜயா அத்தை: நாளைக்கு காலைல சிலிண்டர் வந்தா மேல்வீட்ல யாராச்சும் வாங்கி வைங்கப்பா நான் கோயிலுக்கு போறேன்

பெரியப்பா: வாங்கி வைக்கறேன் விஜயா. டேய் கார்த்தி, அச்சு சரியாதான் இருக்கு. 4அ போட்டுப் பாத்தியா? 3! = 6. 4ஆல வகுத்தா மீதி 2

கார்த்திக்: 🙈🙈

ஹரிணி: அப்போ 9, 25, 49 எல்லாமும் போயிடுமே பெரியப்பா? 9னா ரெண்டு 3 வேணும்ல

பெரியப்பா: வேணும், ஆனா கிடைச்சுடும். 8!ல 3 இருக்கு, அப்புறம் 6 இருக்கு பாரு, அதுக்குள்ள இன்னொரு 3 ஒளிஞ்சிருக்கு. 25க்கு 5ம் 10ம், 49க்கு 7ம் 14ம். 4க்கு மட்டும் 2க்கு அடுத்த மடங்கே 4தான், அது 3!ல வராதே. மத்த பகு எண்ணெல்லாம் ரெண்டு வேற வேற எண்ணோட பெருக்கமா வந்துடும் அதுல சிக்கலே இல்ல

ஹரிணி: ஓஓஓ. அப்போ 1?

பெரியப்பா: 0! = 1, அத 1 வகுக்கும், அதனால உள்ளதான். 100-25-1 = 74. அந்த 1ஐயும் சேத்து தூக்கிட்டு 73னு எழுதிட்டு வந்து நிப்பாங்க, எத்தன பேப்பர் திருத்தியிருக்கேன்

ஹரிணி: 😂 சரி பகா எண்ணுக்கு வகுபடாது, மீதி என்ன வரும்?

பெரியப்பா: இதுதான் கேள்வி! 7க்கே பாப்போம். 6!ல ஜோடி சேரு. 2×4=8, 7ஆல வகுத்தா மீதி 1. 3×5=15, மீதி 1. 1க்கும் 6க்கும் ஜோடி கிடையாது தனியா நிக்கும். அப்போ மொத்த மீதி 6. எந்தப் பகா எண்ண எடுத்தாலும் இப்டியே ஜோடி சேந்து கடைசில அந்த எண்ணுக்கு ஒண்ணு கம்மியாதான் மீதி நிக்கும். வில்சன் தேற்றம்னு பேரு, ஆனா நிரூபிச்சது லாக்ராஞ்ச். உங்க பத்தாம் கிளாஸ் புக்ல மட்டு எண்கணிதம்னு வருதே, அதோட நீட்சிதான்

ஹரிணி: 11க்கு 2×6, 3×4, 5×9, 7×8... ஆமா 10 மீதி வருது!!

விஜயா அத்தை: எனக்கு ஒண்ணும் புரியல ஆனா நம்பருக்கெல்லாம் கல்யாணம் நடக்குதுன்னு மட்டும் தெரியுது

கார்த்திக்: அத்தை உங்களுக்கு ஈஸியா ஒண்ணு தரேன். 4!+1 = 25, அது 5ஓட வர்க்கம். 5!+1 = 121, 11ஓட வர்க்கம். 7!+1 = 5041, 71ஓட வர்க்கம். இதே மாதிரி வேற எண் இருக்கான்னு 1876ல ப்ரோகார்னு ஒருத்தர் கேட்டார், 1913ல நம்ம ராமானுஜனும் இந்திய கணிதக் கழக பத்திரிகைல கேட்டார். இன்னிக்கு வரைக்கும் நாலாவது கிடைக்கல, இல்லவே இல்லன்னும் யாரும் நிரூபிக்கல

ஹரிணி: கம்ப்யூட்டர்ல போட்டா ஆகாதா

கார்த்திக்: 100 கோடி தாண்டியும் தேடிட்டாங்க. அவ்ளோ பெரிய எண்ண முழுசா எழுதவே முடியாது, அதனால பெரிய பெரிய பகா எண்ணால வகுத்து மீதிய மட்டும் பாப்பாங்க, அந்த மீதி எந்த வர்க்கத்துக்கும் வர முடியாததா இருந்தா அந்த எண்ண தூக்கிடுவாங்க

பெரியப்பா: நாங்களும் ஒரு காலத்துல பேப்பர்ல 15 வரைக்கும் போட்டோம் 😄

விஜயா அத்தை: 6க்கு 26.85 வருது

விஜயா அத்தை: 8க்கு 200.80

ஹரிணி: அத்தை தூங்குங்க

விஜயா அத்தை: இரு 9 போட்டுட்டு வரேன்