பொருள்: மக்கள் தொடர்பா, உறவாண்மையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கு ஐயா, தமிழக அரசே 'செய்தி மக்கள் தொடர்புத் துறை' என்று வைத்திருக்கும்போது ஒரு நிறுவனம் மக்களோடு நல்லுறவை வளர்க்கும் வேலையான பப்ளிக் ரிலேஷன்ஸுக்கு நாம் ஏன் நான் சொன்ன 'உறவாண்மை' போல வேறு சொல் தேட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பழகிய சொல்லைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகளுக்கு நடந்த மேற்படிப்பு வழிகாட்டியில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் கொடுத்த தாளில் மாஸ் கம்யூனிகேஷன் (பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி பற்றிய படிப்பு) 'மக்கள் தொடர்பியல்' என்றும், அதற்குக் கீழேயே பப்ளிக் ரிலேஷன்ஸ் 'மக்கள் தொடர்பு' என்றும் இருந்தன. மகளோடு வந்த ஓர் அம்மா இரண்டு வரிகளிலும் விரலை வைத்து, "ரெண்டும் ஒண்ணுதானே தம்பி, எந்தப் படிப்புக்குக் கட்டணம் குறைச்சல்?" என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையின் படிப்பு அப்படியா முடிவாக வேண்டும்?

மலேசியாவில் நாம் பெரும்பாலும் மலாய் வழியாகத்தான் மொழிபெயர்க்கிறோம். பப்ளிக் ரிலேஷன்ஸுக்கான மலாய்ச் சொல் 'பெர்ஹுபுங்கான் அவாம்' என்பதில் வரும் ஹுபுங்கான் தொடர்புக்கும் பொருந்தும், உறவுக்கும் பொருந்தும். தமிழில் அவை வேறு வேறு. குழாயில் தண்ணீர் வராது என்று வீட்டுக்கு வீடு துண்டறிக்கை போட்டால் தொடர்பு ஆகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு டயாலிசிஸ் நிலையத்திலிருந்து ஒருவர் பதறிக்கொண்டு கூப்பிடுகிறார். அவர் சொல்வதை மேலிடத்துக்குக் கொண்டுபோய், முதல் லாரித் தண்ணீரை அங்கே அனுப்ப வைத்து, அடுத்த முறை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லும்படி நடைமுறையை மாற்றுகிறார்களே, அது உறவு. இந்தப் படிப்பு சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

1984இல் இந்தத் துறை அறிஞர்களான கிரூனிக், ஹன்ட் இருவரும் தந்த வரையறையிலேயே மேலாண்மை இருக்கிறது: ஒரு நிறுவனத்துக்கும் அதன் மக்கள் தரப்புகளுக்கும் (ஆங்கிலத்தில் பப்ளிக்ஸ்) இடையே நடக்கும் தகவல் பரிமாற்றத்தை மேலாண்மை செய்வது. இந்த வேலையை அவர்கள் பிரித்த நான்கு வகைகளில் கடைசி வகையில், நிறுவனமும் தன்னை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். உறவும் வேண்டும், அதை ஆளத் தெரிந்திருக்கவும் வேண்டும். அப்படி வந்ததுதான் 'உறவாண்மை'.

'ஆண்மை' என்று முடிவது உறுத்துகிறது, பெண்பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று ஈப்போ அக்கா எழுதியிருந்தார். நியாயமான கவலை. ஆனால் இது ஆள் + மை, ஆளுதலிலிருந்து வருவது. மேலாண்மை படித்தேன் என்று பெண்கள் தயங்காமல் சொல்கிறார்கள். வேளாண்மை குறளில் உதவி என்ற பொருளிலேயே வருகிறது. 'பொது உறவு' என்று எழுதலாமே என்றார் இன்னொருவர். அது பொதுவான சொந்தக்காரரைக் குறிப்பதுபோல் என் காதுக்குக் கேட்கிறது.

அப்புறம், வேலைப் பெயர்கள். இதையும் விட்டுவிடக் கூடாது. பப்ளிக் ரிலேஷன்ஸ் ஏஜென்சியில் சேரும் பட்டதாரிக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது அக்கவுண்ட் எக்ஸெகியூட்டிவ் வேலை. அக்கவுண்ட் என்றால் அங்கே ஒரு கிளையண்டின் முழுப் பொறுப்பு: பத்திரிகை அறிக்கை எழுதுவது, நிருபர்களைக் கூப்பிடுவது, காலையில் வந்த செய்திகளைத் திரட்டி அனுப்புவது. ஒரு விளம்பரத்தில் அதைக் 'கணக்கு நிர்வாகி' என்று போட்டுவிட்டார்கள். கணக்கியல் டிப்ளோமா படித்த பையன் ஒருவன் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு நேர்காணலுக்கு வந்து நின்றான். வேலை வேறு என்று அவனிடம் சொன்னது நான்தான். அவனுடைய ஒரு நாள் வீணாகிவிட்டது. 'வாடிக்கையாளர் பொறுப்பாளர்' என்று எழுதியிருந்தால் வந்திருக்க மாட்டான்.

அரசு அலுவலகங்களில் மக்கள் தொடர்பு அதிகாரி அப்படியே இருக்கட்டும், ஐயா. படிப்புக்கும் துறைக்கும் மட்டும் உறவாண்மை, அதைச் செய்பவர் உறவாண்மையர். தாளை மறுபடி அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். 'மக்கள் தரப்பு' என்பதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், அது எனக்கே இன்னும் திருப்தியாக இல்லை.